பேன், பாண், பெயின்

இந்த வெள்ளிக்கிழமையும் சரியாகப் பின்னேரம் 4.52க்கு வந்து விழுந்தது மடாமின் வாராந்த அப்டேட். மடாம் என்றால், இங்கே கனடாவில் எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் படிப்பிக்கிற வகுப்பில் என் மகளின் ஆசிரியை. பள்ளிக்கூடம் பூட்டியாச்சு. மடாமின் கார் பாதி வழி போயிருக்கும். இனித் திங்கள் காலைவரை ஒருத்தரையும் ஒன்றும் கேட்க ஏலாது. அந்த நேரம் பார்த்துத்தான் வரும். உங்களுக்கும் அப்படித்தானே?

திறந்தால்: "இந்த வாரம் ஒலிகளோடு விளையாடினோம். கணிதத்தில் எண்களை ஆராய்ந்தோம். அறிவியலில் கேள்விகள் கேட்டோம். வீட்டில் நீங்கள் தரும் ஆதரவுக்கு நன்றி!" பக்கத்தில் சிரிக்கிற சூரியன் ஒன்று.

விளையாடினோம், ஆராய்ந்தோம், கேட்டோம். சரி, யார்? என் பிள்ளை அந்தக் கூட்டத்துக்குள் இருந்தாளா, இல்லை யன்னலால் அணில் பார்த்துக்கொண்டிருந்தாளா? அது மட்டும் வராது. இரண்டு வருசமாக வந்த அப்டேட்டுகளை அடுக்கி வைத்தால் அந்த வகுப்பின் வரலாற்றையே எழுதிவிடலாம். என் மகள் என்ன படித்தாள் என்று ஒரு வரி எழுத ஏலாது.

நன்றி சொன்னார்களே, அந்த 'ஆதரவு' என்னவென்று சொல்லுகிறேன், கேளுங்கள்.

போன ஞாயிறு இரவு எட்டரை மணி. அடுத்த நாள் டிக்டே, அதாவது சொல்வதெழுதல். அதுவும் எப்படித் தெரியும்? அப்டேட்டுக்குக் கீழே ஒரு படம். படத்தைப் பார்க்க இன்னொரு ஆப். அந்த ஆப்புக்குள் போகப் பழைய கடவுச்சொல் சரிவரவில்லை. புதுக் கடவுச்சொல்லுக்கான குறியீடு மனைவியின் மின்னஞ்சலுக்குப் போகிறது, அவள் இரவு வேலை. ஒருவழியாகத் திறந்தால், சுவரில் ஒட்டிய கடதாசி ஒன்றைச் சரித்துப் பிடித்து எடுத்த படம். மேலே ஏ, ஐ, என் என்ற மூன்று எழுத்து, கீழே பத்துச் சொல். என்ன அர்த்தம், எப்படி உச்சரிப்பது, ஒன்றும் இல்லை. 'வீட்டில் பயிற்சி செய்யவும்' என்று மட்டும் இருந்தது.

மகளைக் கேட்டேன். "மறந்துபோச்சு" என்றாள். இதுவும் உங்கள் வீட்டில் நடந்ததுதான், நான் ஏன் விளக்குவான்?

நான் வாசித்தேன். பீ, ஏ, ஐ, என். வேறு எப்படி வாசிப்பது? "பெயின்" என்றேன். மகள் கதிரையில் இருந்து விழுந்து சிரித்தாள். அடுத்தது "மெயின்" என்றேன். அதற்கும் சிரிப்பு. மூன்றாவது, முன்னால் ஒரு 'கோ' சேர்ந்த சொல். "கோ-பெயின்" என்றேன். சேர்ந்து அனுபவிக்கிற வேதனை என்று அர்த்தமாக்கும், இந்தப் படிப்புக்கு நல்ல பொருத்தமான சொல் என்று நினைத்தேன். அது நண்பனாம்.

"இல்லையப்பா, பெயின் இல்லை. பேன்!" என்றாள். மூக்காலே சொன்னாள். "பேன். பேன். பேன்."

சோபாவில் தூங்கி விழுந்துகொண்டிருந்த அம்மம்மா எழும்பிவிட்டார்.

"ஆற்ற தலையில?"

ஒருவர் தலையிலும் இல்லை, இது பாடம் என்று நான் சொல்லி முடிக்க முதல் அவர் அறைக்குள் போய்ப் பேன் சீப்போடு வந்துவிட்டார். மாமியையும் குற்றம் சொல்ல ஏலாது. இந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்து வருகிற கடிதங்களில் ஒன்றே ஒன்றுதான் தெளிவாக இருக்கும், 'உங்கள் பிள்ளையின் வகுப்பில் பேன் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது' என்று வருகிற அந்தத் தாள். என்ன பூச்சி, எப்படிப் பார்ப்பது, என்ன செய்வது, எல்லாம் இருக்கும். பேனுக்கு இருக்கிற கவனம் படிப்புக்கு இல்லை.

பின்னிய தலையை அவிழ்த்து, விளக்குக்குக் கீழே இருத்தி, வகிடு வகிடாகப் பிரித்து, காதுக்குப் பின்னால் ஒருக்கா, பிடரியில் ஒருக்கா. எட்டரை ஒன்பதாகிவிட்டது. மகள் கத்துகிறாள்: "நோ அம்மம்மா! அது சாப்பிடுறது! காலமையில சாப்பிடுறது!"

"பேனைத் தின்னுறதோ? உதையோ உங்கட மடாம் படிப்பிக்கிறா?"

கடைசியில் பிள்ளை பென்சிலை எடுத்து, தலைமயிரெல்லாம் விரிந்து முகத்தில் கிடக்க, கண்ணீரோடு ஒரு படம் கீறினாள். நீட்டுப் பெட்டி மாதிரி ஒன்று, மேலே மூன்று கோடு. அம்மம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"அடியே, இது பாண்!"

பாண்தான், ஆங்கிலத்தில் பிரெட். ரோஸ்ட் பாண், சம்பல் பாண், அந்தப் பாண். பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், எங்கள் கரையில் இறக்கிவிட்டுப் போன சொல்லும் இவளுடைய மடாம் சொல்லுகிற சொல்லும் ஒரே லத்தீன் தாய்க்குப் பிறந்தவை. சமையலறையைக் குசினி என்று அம்மம்மா சொல்லுவதும் மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிற 'குயிசீன்' என்பதும் அதே மாதிரிச் சொந்தக்காரர்தான். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஆள் நான் ஒருவன், எனக்குத்தான் விளங்கவில்லை.

சேர்க்கும்போது என்ன சொன்னார்கள், ஞாபகமா? அந்த அறிமுகக் கூட்டம். கூட்டத்தின் நடுவில் ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டார், எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாதே என்று. "தேவையே இல்லை! நீங்கள் ஊக்கம் கொடுத்தால் போதும்!" என்றார்கள். எல்லாரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். எங்கள் பக்கத்தில் மூன்றாம் வகுப்பு முடியும்வரை முழுக்கப் பிரெஞ்சு, ஆங்கிலப் பாடம் நான்காம் வகுப்பில்தான். எட்டாம் வகுப்பு முடிய 3,800 மணித்தியாலம் பிரெஞ்சில் படித்திருக்க வேண்டும் என்பது எங்கள் மாகாணம் ஒன்ராறியோவின் கணக்கு. 3,800 மணித்தியாலத்தில் வீட்டுக்குத் தகவல் சொல்ல ஒரு பத்து நிமிசம் ஒதுக்க ஏலாதோ?

இந்தப் படிப்பைத் தொடக்கியதே பெற்றோர்தான் என்பது இன்னொரு பகிடி. 1965இல் கியூபெக்கில் செயின்ட் லம்பேர்ட்டில் ஆங்கிலம் பேசுகிற தாய் தகப்பன்மார் கேட்டு, சண்டை பிடித்து வாங்கிய வகுப்பு. அவர்களுக்கு ஆப் இல்லை, சிரிக்கிற சூரியன் இல்லை. குடுத்துவைத்தவர்கள்.

கணிதத்தைத் தொடவே எனக்குப் பயம். 'எண்களை ஆராய்ந்தோம்' என்றால் என்ன தெரியுமா? 97ஐ நாலு இருபது, பத்து, ஏழு என்று சொல்ல வேண்டும். பிள்ளை கூட்டல் கணக்குச் செய்ய முதல் எண்ணைச் சொல்லவே ஒரு பெருக்கலும் இரண்டு கூட்டலும் செய்கிறாள். இதைப் பற்றி மாமியிடம் முறையிட்டால், "ஏன், நாங்கள் தொண்ணூறு எண்டுறம், அதில நூறு எங்கயிருந்து வந்தது?" என்கிறார். இந்த வீட்டில் எனக்கு ஒரு ஆதரவும் இல்லை.

றிப்போர்ட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பீர்கள். நவம்பரில் வந்தது. அதில் புள்ளியே கிடையாது. கஷ்டப்பட்டு முன்னேறுகிறார், நன்றாக முன்னேறுகிறார், மிக நன்றாக முன்னேறுகிறார், இந்த மூன்றில் ஒன்றுக்குச் சரி போடுவார்கள். மகள் நன்றாக முன்னேறுகிறாளாம். எதை நோக்கி? கேட்டால் பெற்றோர் சந்திப்பில் கதைக்கலாம் என்றார்கள். சந்திப்புக்குக் கிடைத்தது பத்து நிமிசம், அதில் முதல் நாலு நிமிசம் எங்களுக்கு முன்னால் போன குடும்பத்துக்கு. மிச்சத்தில் மடாம் சொன்னது, "வீட்டில் நிறைய வாசியுங்கள்." நான் வாசித்தால் என்ன நடக்கிறது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

மடாமுக்கு இருபது பிள்ளைகள், இருபது மூக்கு, இருபது ஜக்கெட் சிப். விளங்குகிறது. ஆனால் நான் கேட்பது கவிதை இல்லை. பத்துச் சொல்லுக்கும் அர்த்தம். வாசிக்கிற ஒரு குரல் பதிவு, அரை நிமிசம். உங்கள் பிள்ளைக்கு இது வருகிறது, இது வரவில்லை என்று ஒரு வரி. சூரியனை நான் வீட்டில் கீறிக்கொள்கிறேன்.

அந்த டிக்டே என்ன ஆனது என்று இந்த அப்டேட்டில் இருக்கும் என்று பார்த்தேன். "எல்லாரும் அருமையாக முயன்றார்கள்!" அவ்வளவுதான். மகளின் தாள் புத்தகப்பையின் அடியில், நசிந்த வாழைப்பழத்தோடு ஒட்டிக் கிடந்தது. பத்துக்கு ஆறு. பாண் சரி. எழுத்துக்குப் பக்கத்தில் அவளாகவே சின்னதாய் ஒரு பாணும் கீறி, அதன்மேல் ஆறு காலோடு ஒரு பேனையும் இருத்தியிருக்கிறாள். மடாம் அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

அதைப் பார்த்து நானும் மாமியும் சிரித்த சிரிப்பில் இரவு வேலை முடிந்து படுத்திருந்த மனைவி எழும்பிவிட்டாள். அவளுக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று விளங்கப்படுத்தவே ஒரு அப்டேட் வேண்டும்.

அப்புறம், இந்த அப்டேட்டின் கடைசி வரி: "குளிர் உடுப்புகளில் பெயர் எழுதி அனுப்பவும்." எழுதித்தான் அனுப்புகிறேன், ஐயா! கறுப்பு மார்க்கரில், இரண்டு பக்கமும்! இன்றைக்கு எண்ணிப் பார்த்தேன், வீட்டில் நாலு கையுறை இருக்கிறது. நாலும் இடக்கை. வலக்கை உறை எல்லாவற்றையும் யார் கொண்டுபோகிறார்கள்?