மாத்திரை போட்டால் கொலோனோஸ்கோபி வேண்டாமா?

"தினமும் கால்சியமும் வைட்டமின் டி மாத்திரையும் போட்டால் பெருங்குடல் புற்றுநோய் வராது, கொலோனோஸ்கோபி எல்லாம் தேவையில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி, கேமரா குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் இந்தப் பரிசோதனையை யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

கால்சியத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். குடலுக்குள் வரும் பித்த அமிலங்களையும் கொழுப்பு அமிலங்களையும் கால்சியம் பிடித்துக்கொள்வதால் குடல் சுவருக்கு ஏற்படும் பாதிப்பு குறைகிறது என்பது பரவலான விளக்கம். உணவில் கால்சியம் அதிகம் சேர்ப்பவர்களுக்கு இந்தப் புற்றுநோய் குறைவாக வருவதைப் பெரிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பிரிட்டனில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், தினமும் 300 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாகச் சேர்த்தவர்களுக்கு ஆபத்து சுமார் 17 சதவீதம் குறைவு.

ஆனால் 'குறைவு' வேறு, 'வராது' வேறு. அதுவும் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக் கணக்கிட்டது, மாத்திரை கொடுத்துப் பார்த்ததில்லை. அப்படிக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,000-க்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப்பேருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும், மீதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் ஏழு வருடம் கொடுத்தார்கள். 2006-இல் வந்த முடிவு: பெருங்குடல் புற்றுநோயில் வித்தியாசமே இல்லை, சிறுநீரகக் கல்தான் கொஞ்சம் கூடியது. அவர்கள் ஏற்கெனவே உணவில் போதுமான கால்சியம் எடுத்தவர்கள், ஏழு வருடம் போதாது என்ற வாதங்கள் நியாயமானவைதான், சரி, ஆனாலும் 'வராது' என்று சொல்ல அவை இடம் தரவில்லை.

கொலோனோஸ்கோபியில் பாலிப்பை, அதாவது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய சிறு சதை வளர்ச்சியைக் கண்டதும் பெரும்பாலும் அங்கேயே வெட்டி எடுத்துவிடுவார்கள். மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. மலத்தில் ரத்தம், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.