சும்மா இருக்கிறானாம்!

நேற்று ஒரு சாமத்தியவீட்டில வைச்சு ஒரு அன்ரி கேட்டா, "உங்கட வீட்டில நிக்கிற பெடியன் இன்னும் சும்மாதான் இருக்கிறானோ?" எண்டு. நாலு பேர் திரும்பிப் பார்த்தினம். நல்ல நாளும் பெருநாளுமா வாயைத் திறக்கக்கூடாது எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு வந்திட்டன். இரவு முழுக்க நித்திரை இல்லை. இப்ப சொல்லுறன், கேளுங்கோ.

அவன் என்ர பெரியம்மாவின்ர மகளுக்கு மகன். வவுனியாவில மோட்டார் சைக்கிள் திருத்திற கராஜ் வைச்சிருந்தவன். ஏன் ஓடி வந்தவன் எண்டது அவன்ர கேஸ், அதை நான் ஊருக்குச் சொல்ல மாட்டன். லண்டனுக்கு வந்து அசைலம், அதுதான் அகதித் தஞ்சம், கேட்டுப் பதினாலு மாசம். முதல் முடிவே இன்னும் வரேல்லை. குடுத்த அடையாள அட்டையிலயே வேலை செய்யக்கூடாது எண்டு அடிச்சு வைச்சிருக்கு. அவன் சும்மா இருக்கேல்லை அன்ரி, சும்மா இருக்க வைச்சிருக்கினம்!

பன்னிரண்டு மாசம் முடிஞ்சா வேலை செய்யலாம்தானே எண்டு சொல்லுற ஆக்கள் கனபேர். தானா ஒண்டும் வராது. முதல் முடிவு வராமல் 12 மாசம் போகவேணும், அந்தத் தாமதம் அவன்ர பிழையால வந்ததா இருக்கக்கூடாது, பிறகு அனுமதி கேட்டுப் புறம்பா எழுதவேணும். எழுதி ரெண்டு மாசம். ஒரு பதிலும் இல்லை. கிடைச்சாலும் பிடிச்ச வேலைக்குப் போகேலாது. 2024 ஏப்ரலில ஒரு பட்டியல் போட்டவை, அதில உள்ள தொழில்தான் செய்யலாம் எண்டு. பாலே நடனம் ஆடுறவைக்கு அதில இடம் இருந்தது, பந்தயக் குதிரை பராமரிக்கிறவைக்கு இடம் இருந்தது. மோட்டார் மெக்கானிக்குக்கு இல்லை. சரி, தானே சின்னதா ஒரு கராஜ் போடுவம் எண்டால் அதுக்கும் விடமாட்டினம். பதினைஞ்சு வயசில இருந்து ஸ்பானர் பிடிச்ச கைக்கு இந்த நாட்டில ஒரு வழியும் இல்லை.

போன தைமாசம் ஒரு விடிய, பக்கத்து வீட்டுக் கிழவற்ர கார் ஸ்டார்ட் வரேல்லை. மனுசன் மழைக்குள்ள நிண்டு திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்குது. இவன் ஜன்னலுக்குள்ளால அந்தச் சத்தத்தைக் கேட்ட உடனயே, "சித்தி, ஸ்டார்ட்டர்" எண்டான். செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினான். பொனெற்றைத் திறந்தாச்சு. கிழவர் பாவம், நல்ல மனசில இருபது பவுண் தாளை நீட்டினார். நான் வாசலில நிண்டு கத்தினன், "தம்பி, வேண்டாம்! தொடாதை!" சொலிசிட்டர் அந்தளவுக்குப் பயப்படுத்தி வைச்சிருந்தவர், சம்பளம் எண்டு ஒரு சதம் கையில வாங்கினாலும் கேஸ் பழுதாப் போகும் எண்டு. அவன் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கொண்டு நிண்டான், பள்ளிக்கூடத்தில பிழை செய்த பிள்ளை மாதிரி. கிழவருக்கு ஒண்டும் விளங்கேல்லை. எனக்கு அந்த இடத்திலயே செத்துப்போகலாம் போல இருந்தது. ஊரில அவன்ர நகத்துக்குள்ள எப்பவும் கிரீஸ் இருக்கும், எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் போகாது. இப்ப பாருங்கோ, வெள்ளை வெளேரெண்டு கிடக்கு அந்தக் கை.

அரசாங்கம் காசு குடுக்குதுதானே எண்டு அடுத்த கதை. 2025இல குடுத்தது கிழமைக்கு 49.18 பவுண்! நாளுக்கு ஏழு பவுண். சாப்பாடு, உடுப்பு, போன், பஸ் எல்லாம் அதுக்குள்ள. பஸ்ஸுக்குக் காசு போகுமெண்டு, வக்கீலிட்ட ஒண்டரை மணித்தியாலம் நடந்து போறான். எங்கட வீட்டில மிச்சத்தை நாங்கள் பார்க்கிறம், அது பெரிய காரியமில்லை. ஆனா நானும் மனுசிதான். குளிர் காலத்தில காஸ் பில்லைப் பார்த்துப்போட்டு ஒருநாள் ஹீற்றரைப் பற்றி வாய் தவறி ஒரு வார்த்தை விட்டிட்டன். அண்டையில இருந்து தன்ர அறை ஹீற்றரை அவன் போடுறதே இல்லை. ஜக்கெற்றோட படுக்கிறான். ஒரு ஆம்பிளைப் பிள்ளையை இப்பிடிக் கூனிக் குறுக வைக்கிற சட்டம் என்ன சட்டம்?

ஊரில தாய் காணி உறுதியை ஈடு வைச்சுத்தான் அனுப்பினது. வட்டிக்காரன் பன்னிரண்டு மாசம் பொறுப்பானோ? ஒவ்வொரு ஞாயிறும் தாய் போன் எடுத்துக் கேட்குது, "வேலை சரிவந்திட்டுதோ அப்பு?" எண்டு. "கிட்டடியில வந்திடும் அம்மா" எண்டிட்டுப் போனைக் கொண்டு வெளியில போயிடுவான்.

சட்டம் எண்டா எப்பவும் இப்பிடித்தான் இருந்ததெண்டு நினைக்கிற ஆக்களுக்கு: 2002 வரைக்கும் இதே நாட்டில ஆறு மாசம் முடிய வேலைக்கு அனுமதி கேட்கலாம். என்ர மனுசன் 96இல வந்து, அனுமதி எடுத்து, பெற்றோல் ஸ்டேசனில இரவு வேலை செய்து, தங்கச்சியின்ர கலியாணத்துக்குக் காசு அனுப்பினவர். அண்டைக்கு நாட்டுக்கு என்ன குடி முழுகினது? கனடாவில அசைலம் கேட்ட என்ர மச்சாளின்ர மகன் மெடிக்கல் பரிசோதனை செய்து ஒரு சில மாசத்தில வேலை பெர்மிற் எடுத்திட்டான், அவன்ர கேஸும் இன்னும் முடியேல்லை.

இன்னொரு அண்ணை வந்தார், "கோழிக்கடையில ஆள் தேவை, மணிக்கு நாலு பவுண், கையில காசு" எண்டு, பெரிய உதவி செய்யிற மாதிரி. 2025 ஏப்ரலில இருந்து சட்டப்படி குறைஞ்ச சம்பளம் மணிக்கு 12.21 பவுண் ஆக்கினவை. பிடிபட்டால் கடைக்காரர் குற்றக்காசு கட்டுவார், பிள்ளையின்ர வாழ்க்கை நாசமாப் போகும். எங்கட ஆக்களே எங்கட பிள்ளையள்ற கையறு நிலையில லாபம் பார்க்கிறதை நினைக்க வயிறு எரியுது. வாசலில வைச்சே திருப்பி அனுப்பினன்.

அன்ரி, உங்களுக்கு பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்கு, வோட்டு இருக்கு. அடுத்த விசேசத்தில அவனைக் கண்டால் அந்தக் கேள்வியைக் கேட்காதேங்கோ. உங்கட எம்பிக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. நான் மூண்டு எழுதிட்டன், எழுதத் தெரியாட்டி வாங்கோ, என்ர குசினி மேசையில இருந்து சேர்ந்து எழுதுவம்.