கோபம் விலை ஏறியதற்கு இல்லை

கேம் உருவாக்கப் பயன்படும் எஞ்சினான (மென்பொருள்) யூனிட்டி பற்றிப் பேச்சு எடுத்தாலே "ஓசியில் பழகியவர்கள், காசு கேட்டதும் கத்தினார்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கிறது. நடந்தது அது இல்லை.

2023 செப்டம்பர் 12 அன்று 'ரன்டைம் கட்டணம்' என்று ஒன்றை அறிவித்தார்கள். 2024 ஜனவரி 1 முதல், வரம்பைத் தாண்டிய கேமுக்கு இன்ஸ்டால் கணக்கில் காசு. இலவசமான பெர்சனல் திட்டத்தில் அந்த வரம்பு, 12 மாதத்தில் 2 லட்சம் டாலர் வருமானமும் மொத்தம் 2 லட்சம் இன்ஸ்டாலும். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 20 சென்ட்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இலவச மொபைல் கேம். விளையாடுகிறவர்களில் பெரும்பாலானோர் எதையும் வாங்க மாட்டார்கள். வருடத்துக்கு 2 லட்சம் டாலர் வருகிறது என்று வையுங்கள். வரம்புக்கு மேல் இன்னும் 10 லட்சம் இன்ஸ்டால் ஆனால் கட்டணமும் 2 லட்சம் டாலர். வந்தது அத்தனையும் போச்சு. (சந்தா கட்டும் ப்ரோ திட்டத்துக்கு மாறினால் வரம்பு உயரும், சரி. அங்கே தள்ளத்தான் இந்த ஏற்பாடோ என்று எனக்கு அப்போதே தோன்றியது.)

அதைவிடக் கொடுமை, ஏற்கெனவே வெளியான கேம்களுக்கும் இது பொருந்தும் என்றது. அன்றைய நிபந்தனையை நம்பி வருடக்கணக்கில் உழைத்து வெளியிட்டவர்கள் என்ன செய்வார்கள்?

"பிடிக்கவில்லையா, வேறு எஞ்சினுக்குப் போ" என்பது சொல்ல எளிது. ஷேடர் (திரையில் ஒளி, நிறம் எப்படித் தெரியும் என்பதற்கான நிரல்), அனிமேஷன், ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். அப்புறம், நாயகன் தாவுவதுகூடப் பழைய மாதிரி இருக்காது. புவியீர்ப்பு, வேகம், உராய்வு என்று எண்களை மாற்றி மாற்றி, கைக்குப் பழைய உணர்வு வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அது ஒரே ஒரு தாவலுக்கு.

எதிர்ப்பு கிளம்பியதும் பத்தே நாளில் பெருமளவு பின்வாங்கினார்கள். அக்டோபரில் தலைவர் ஜான் ரிச்சிடெல்லோ விலகினார். டெராரியா என்ற கேமை உருவாக்கிய ரீ-லாஜிக் நிறுவனம், கோடோ, எஃப்என்ஏ என்ற இலவசத் திறமூலக் கேம் கருவிகளுக்குத் தலா 1 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தது. 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணமே ரத்தானது. கூடவே ப்ரோ சந்தாவை 8 சதவீதம் உயர்த்தி, ஓர் ஆளுக்கு வருடம் 2,200 டாலர் ஆக்கினார்கள். இதை நான் குறை சொல்ல மாட்டேன். முன்கூட்டியே சொன்ன விலை. கட்டுப்படியாகுமா என்று யோசித்து முடிவெடுக்கலாம்.

நிபந்தனைகள் மாறினாலும், இப்போது வைத்திருக்கும் பதிப்பைப் பழைய நிபந்தனைப்படியே பயன்படுத்தலாம் என்றும் அப்போது உறுதி சொன்னார்கள். 2019இல் சொன்னதும் இதையேதான்.