மாமியின் கண்ணீரை இடம் மாற்றி ஒட்டின கதை

விசுவமடுவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருக்கிற மாமியை வைத்து ஒரு உதவி வீடியோ போன மாதம் வந்தது, கஷ்டப்பட்ட ஆட்களுக்குப் பொதி கொடுப்பதைப் படமெடுத்துப் போட்டு வெளிநாட்டிலிருந்து காசு சேர்க்கிற வகை. எந்தச் சனல், யார் எடுத்தது என்று எழுதப் போவதில்லை, இன்பொக்ஸில் வந்து கேட்கவும் வேண்டாம். அன்று நானும் அங்கே நின்றேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மாமி விடியவே முற்றம் கூட்டி, முழுகி, நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். வந்த தம்பி மரியாதையாகத்தான் சொன்னான், "அம்மா, கீழ படியில இருந்தீங்கள் எண்டால் இயல்பா இருக்கும்." மாமி இறங்கி இருந்தார், அவன் நின்றபடி எடுத்தான். அவ்வளவுதான். ஆனால் போனில் பார்த்தால், ஒழுங்கை முழுக்க அதட்டிக்கொண்டு திரிகிற மனிசி, சின்னப்பிள்ளை மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்! கமரா மேலிருந்து பார்த்தால் ஆள் சிறுத்துப் போகும், கீழிருந்து பார்த்தால் பெருத்துப் போகும். 1934 நியூரம்பேர்க் மாநாட்டில் லெனி ரீஃபென்ஸ்டால் என்ற ஜேர்மன் படஇயக்குநர் ஹிட்லரைக் கீழிருந்து எடுத்த கணக்கும் இதுதான். தேர்தல் நேரத்தில் ஏ9 வீதியோரம் ஒட்டுகிற முகங்களையும் ஒருக்கால் பாருங்கள்.

சரி, கோணத்தைக்கூட விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது வெட்டு.

மாமி அழுதது உண்மை. எப்போது அழுதார் என்றால், 2009இல் காணாமற் போன மகனைப் பற்றி அந்தத் தம்பி கேட்டபோது. உலர் உணவுப் பொதி கொடுத்தது அதற்கு அரை மணித்தியாலம் கழித்து, அப்போது மாமி அழவேயில்லை, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று அவர்களை உபசரித்துக்கொண்டு நின்றார். வீடியோவில் என்னவென்றால், பொதி கைமாறுகிறது, அடுத்த ஷொட் மாமியின் முகம் முழுத்திரைக்கு, கண்ணீர், பின்னால் புல்லாங்குழல். மகனுக்கு வந்த கண்ணீர் அரிசிக்கும் பருப்புக்கும் வந்ததாகிவிட்டது. ரஷ்யாவில் குலெஷோவ் என்றொரு படஇயக்குநர் நூறு வருடத்துக்கு முன்பே இதைச் செய்து பார்த்தவர். ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசி என்றும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கம் என்றும் பார்த்தவர்கள் நினைத்தார்களாம். அந்த முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவர் செய்தது ஒரு பரிசோதனை, எங்கள் ஊரில் அது பிழைப்பு.

அழாவிட்டால் வெளிநாட்டிலிருந்து காசு வராது என்று சொல்வீர்கள். ஓம், காசு வந்தது, மாமிக்குக் கோழிக்கூடு கட்டியாயிற்று, அதை நான் மறுக்கவில்லை. வீட்டுத்திட்டத்தில் கட்டின கல்வீட்டை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற தகரக் குசினியை மட்டும் எடுத்ததும் அந்தக் காசுக்குத்தான். அதைப் பார்த்துக் கனடாவில் இருக்கிற பெறாமகள் பதறிப்போய் எடுத்து, "வீடு என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறாள்.

கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமற் போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்களே, அந்தப் படங்களை நினைத்துப் பாருங்கள். அநேகமாகக் கண்ணீர் வழிகிற முகம் மட்டும்தான் நெருக்கத்தில் வரும். பதாகையில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பது சட்டகத்துக்கு வெளியே போய்விடும். ஆனால் அவர்கள் நெஞ்சோடு பிடித்திருக்கிற பிள்ளைகளின் படங்களில் பல, ஸ்ரூடியோவில் அடையாள அட்டைக்கு எடுத்தவை. கமரா கண் மட்டத்தில், பிள்ளை நேரே உங்களைப் பார்க்கிறான். கெஞ்சுகிற பார்வை அதில் ஒன்றிலும் இல்லை.

மாமி தன்னுடைய வீடியோவை முழுக்கப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை என்னிடம் தந்து, "எங்கயடா என்ர பூங்கண்டுகள் ஒண்டையும் காணேல்ல?" என்று கேட்டார்.