பக்கத்துப் பேட்டை கிளப் என்றால் பக்கத்தில் மேட்ச் இல்லை

"மெல்பர்னில் எந்தப் பேட்டையில் குடியேறுகிறீர்களோ அந்தப் பேட்டையின் ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்) கிளப்பைப் பிடியுங்கள், நடந்தே போய் மேட்ச் பார்க்கலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆண்கள் அணியைப் பொறுத்தவரை அது பழைய கதை. காலிங்வுட் அணி தன் பேட்டை மைதானமான விக்டோரியா பார்க்கில் கடைசியாக ஆடியது 1999இல், கார்ல்டன் அணி தன் பிரின்சஸ் பார்க்கில் 2005இல். இப்போது மெல்பர்ன் அணிகளின் ஆட்டங்களில் பெரும்பகுதி எம்.சி.ஜி. (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்), டாக்லாண்ட்ஸ் என்ற இரண்டு பெரிய மைதானங்களில்தான். ஹாதார்ன் அணி சில ஹோம் மேட்ச்களைக் கடல் தாண்டி டாஸ்மேனியாவின் லான்செஸ்டனில் ஆடுகிறது! சொந்த ஊரிலேயே ஆடுகிற ஜீலாங் அணி விதிவிலக்கு, ஆனால் அது மெல்பர்ன் இல்லை, வேறு ஊர்.

பெண்கள் அணிகள் என்றால் சரி. காலிங்வுட், கார்ல்டன் பெண்கள் அதே பழைய மைதானங்களில் ஆடுகிறார்கள்.

நடந்து போகிற தூரத்தில்தான் வேண்டும் என்றால் வி.எஃப்.எல். (ஏ.எஃப்.எல்.லுக்கு அடுத்த நிலை லீக்) பாருங்கள். வில்லியம்ஸ்டவுன், போர்ட் மெல்பர்ன், வெரிபீ எல்லாம் சொந்தப் பேட்டையிலேயே ஆடுகிற தனி கிளப்கள். டிக்கெட்டும் மலிவு. என்னைக் கேட்டால் ஆட்டம் புரிபடுவதற்கும் அதுதான் நல்ல இடம், வேலிக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். அப்புறம், ஏ.எஃப்.எல்.லுக்கு வீட்டு முகவரி பார்க்காமல் பிடித்த அணியையே எடுத்துக்கொள்ளுங்கள்.