முதல் அபுனைவு நூல்: கொடுப்பவர் யார், பெறுபவர் யார்?

புத்தகக் காட்சி நெருங்கும் மாதங்களில், முதல் அபுனைவு நூலை (கற்பனை அல்லாத, உண்மைச் செய்திகளைச் சொல்லும் நூலை) எழுதி முடித்த இளையவர்கள் சிலர் என்னைத் தொடர்புகொள்வது வழக்கம். ஊர் வரலாறு, நீர்நிலைகள், தொழிற்சங்கப் போராட்டம், ஒரு சமூகத்தின் இடப்பெயர்வு என்று ஆளுக்கொரு பொருளில் எழுதியிருப்பார்கள். எல்லோரும் கேட்பது மட்டும் ஒன்றுதான்: "பதிப்பகத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும்?" இந்தக் கேள்வி எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. எழுதியவருக்கு எவ்வளவு வரும் என்பதே முதலில் பேசப்பட வேண்டியது. அதைப் பேசவே கூசும் நிலைக்கு முதல் நூலாசிரியர்களை நாம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்.

அபுனைவு எழுதுபவர், நூல் அச்சுக்குப் போவதற்கு முன்பே பெருந்தொகையைச் செலவழித்திருப்பார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய அரசாணைகளைத் தேட வேண்டும். தரமணி ரோஜா முத்தையா ஆய்வு நூலகத்தில் நூற்றாண்டுக்கு முந்தைய இதழ்களைப் புரட்ட வேண்டும். அவற்றின் நகல்களுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். வெளியூர்க்காரர் என்றால் சென்னையில் தங்கும் செலவும், வேலைக்குப் போகிறவர் என்றால் சம்பளமில்லா விடுப்பும் சேர்ந்துகொள்ளும். நேர்காணலுக்காகக் கிராமம் கிராமமாகப் போன பேருந்துக் கட்டணத்தை யாரும் கணக்கு வைப்பதில்லை. இப்படிக் கைக்காசைப் போட்டு எழுதியவரிடமே அச்சுச் செலவையும் கேட்பது, ஒரே நிலத்துக்கு இரண்டு முறை தீர்வை வாங்குவதைப் போன்றது.

நண்பர் ஒருவர் தம் வட்டாரத்துக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவருக்கு ஒரு பதிப்பகம் அனுப்பிய மதிப்பீட்டுத் தாளை நான் பார்த்தேன். தட்டச்சு, பக்க வடிவமைப்பு, மெய்ப்பு (பிழைதிருத்தம்), அட்டை, ஐ.எஸ்.பி.என். (ஒவ்வொரு நூலையும் தனியே அடையாளம் காட்டும் எண்) என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை இருந்தது. கடைசி வரியில், ராயல்டிக்கு, அதாவது விற்பனையிலிருந்து ஆசிரியருக்குத் தர வேண்டிய பங்குக்கு, ஈடாக நூறு படிகள் தரப்படும் என்று குறிப்பிட்டிருந்தார்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணம் எதுவுமின்றி வழங்குகிறது. ஆசிரியரே தம் பெயரில் விண்ணப்பித்தும் பெறலாம். அதற்கும் ஒரு விலை போட்டிருந்ததைக் கண்டபோது எனக்குக் கோபமே வந்தது. தேவைக்கேற்ப நூறு, இருநூறு என்று அச்சிட்டுக்கொள்ளும் வசதி வந்த பிறகு, ஆயிரம் படிகளில் முதலீட்டை முடக்க வேண்டியிருக்கிறது என்ற பழைய காரணத்தைச் சொல்வதற்கும் பெரிதாக இடமில்லை.

சொந்தமாக நூல் வெளியிடுவதை நான் குறை சொல்லவில்லை. அச்சகத்துக்குப் பணம் கட்டி, எல்லாப் படிகளையும் தாமே வைத்துக்கொண்டு, விற்ற பணத்தையும் தாமே எடுத்துக்கொள்வது நேர்மையான வழி. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலை வாங்கிக்கொள்வதாக ஆதரவாளர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளித்தார். நூல் வெளிவரும் முன்பே வாசகர்களிடம் விலையைப் பெற்றுக்கொள்ளும் இன்றைய முன்வெளியீட்டுத் திட்டமும் அதே வழிதான். செலவை ஆசிரியர் ஏற்க, நூலின் உரிமையும் விற்பனையும் இன்னொருவரிடம் போய்ச் சேரும் ஏற்பாட்டைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஆகவே, பதிப்பகம் நூலை ஏற்றுக்கொண்டது என்ற செய்தி வந்த உடனே எழுத்து வடிவிலான ஒப்பந்தத்தைக் கேளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதில் ஆசிரியரின் பக்கம் நிற்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் உரிமையாளரின் கையெழுத்து இருக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. எந்த நூல், எந்தெந்த உரிமைகள், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிலப்பரப்புக்கு, எவ்வளவு ராயல்டி என்பவற்றையும் அதில் குறிப்பிட வேண்டும். கால அளவைக் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒப்பந்தம் போடும்போது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகம் ஒன்று பின்னாளில் வந்தால், ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அதற்கான உரிமை பதிப்பகத்துக்குப் போகாது. வாய்மொழியாகப் பேசிவிட்டு, நட்பின் பெயரால் கோப்பை அனுப்பிவிடுகிறவர்களுக்கு இவற்றில் எதுவுமே தெரிந்திருப்பதில்லை.

ராயல்டி 10 விழுக்காடு என்று கேட்டவுடன் தலையாட்டிவிடக் கூடாது. எதில் 10 விழுக்காடு என்பதை எழுதி வாங்க வேண்டும். நூலின் விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அச்சிட்ட விலையில் 10 விழுக்காடு என்றால் படிக்கு 30 ரூபாய். 500 படிகள் விற்றால் 15,000 ரூபாய். விற்பனையாளருக்கான கழிவு 40 விழுக்காடு போக, பதிப்பகத்தின் கைக்கு வரும் 180 ரூபாயில் 10 விழுக்காடு என்றால் படிக்கு 18 ரூபாய். அதே 500 படிகளுக்கு 9,000 ரூபாய்தான். ஒரு சொல் விடுபட்டதால் 6,000 ரூபாய் குறைகிறது. பல மாத உழைப்புக்கு 15,000 ரூபாயே மிகச் சிறிய தொகை என்பதை மறந்துவிட வேண்டாம்.

பொது நூலகங்களுக்காக நூலை வாங்கத் தரப்படும் நூலக ஆணையைத் தனியாகப் பேசுவதும் அவசியம். தமிழில் வெளிவரும் பல அபுனைவு நூல்களுக்குக் கடை விற்பனையைவிட நூலகக் கொள்முதலே பெரிய வரவு. பொது நூலகத் துறை, அட்டையில் அச்சிட்ட விலையைப் பார்க்காமல், 16 பக்கம் கொண்ட 'பாரம்' என்ற அச்சு அலகுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வாங்கும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. பணம் வரவும் தாமதமாகலாம். நூலக ஆணைக்கு ராயல்டி உண்டா, உண்டென்றால் எந்த விலையின் மீது, பணம் வந்த எத்தனை நாளுக்குள் என்பவை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், ஆணை கிடைத்த செய்தியே ஆசிரியருக்குத் தெரியாமல் போகக்கூடும்.

ஆண்டுக்கு ஒரு முறை கணக்குத் தாள் வர வேண்டும். எத்தனை படிகள் அச்சிட்டார்கள், எத்தனை விற்றன, நூலகத்துக்கு எத்தனை போயின, கையிருப்பு எவ்வளவு என்ற நான்கு எண்கள் அதில் இருந்தால் போதும். இந்தி எழுத்தாளர் வினோத் குமார் சுக்ல, தமக்குக் கிடைக்கும் ராயல்டி மிகக் குறைவு என்று 2022இல் வெளிப்படையாகச் சொன்னார். 2025இல் வேறொரு பதிப்பகம், ஏறத்தாழ ஆறு மாத விற்பனைக்கு அவருக்கு 30 லட்சம் ரூபாய் ராயல்டி வழங்கியது. வாழ்நாள் முழுக்க எழுதிப் புகழ்பெற்றவரே இப்படி வெளிப்படையாகக் குறை சொல்ல வேண்டியிருந்தது என்றால், முதல் நூலாசிரியர் கணக்குக் கேட்கத் தயங்குவதில் வியப்பில்லை. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். கேரளத்தில் 1945இல் கோட்டயத்தில் எழுத்தாளர்களே கூடி ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, 30 விழுக்காடு வரை ராயல்டி கொடுத்தார்கள். நமக்கு மிக அருகில் நடந்த செயல் அது.

சிறு பதிப்பகங்களின் சிரமத்தை நான் அறிவேன். தாள் விலை ஏறுகிறது, கடைகளிலிருந்து பணம் வருவதில்லை, அரங்கு வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கிறது. இவ்வளவுக்கு நடுவிலும் அச்சகத்துக்கும், கட்டுநருக்கும், அட்டை வரைந்தவருக்கும் பணம் போய்ச் சேர்கிறது. எழுதியவர் மட்டும் கடைசிவரை காத்திருப்பது எந்த வகையில் நியாயம்?

எழுதத் தொடங்குவதற்கு முன்பே பணத்தைத் தேடும் வழிகளும் பெருக வேண்டும். நியூ இந்தியா அறக்கட்டளை, சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்தியாவைப் பற்றி அபுனைவு நூல் எழுதுவோருக்கு நல்கை (நிதியுதவி) தருகிறது. தமிழ் உள்ளிட்ட 10 மொழிகளிலிருந்து அபுனைவு நூல்களை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்போருக்கும் தருகிறது. தமிழிலேயே எழுதப்படும் முதல் ஆய்வு நூல்களுக்கும் இத்தகைய நல்கைகள் வேண்டும் என்று பல்கலைக்கழகங்களையும் வசதி படைத்த தமிழ் அமைப்புகளையும் நாம் கேட்க வேண்டும். முழு நூலையும் எழுதி முடிக்கும் வரை காத்திருக்காமல், இயல் வாரியான திட்டத்தோடும் இரண்டு மாதிரி இயல்களோடும் பதிப்பகத்தை அணுகி, களப்பணிக்கு ஒரு சிறு முன்பணம் கேட்பதிலும் தவறில்லை. பழைய ஒளிப்படங்களுக்கான அனுமதிக் கட்டணத்தையும் வரைபடச் செலவையும் யார் ஏற்பது என்பதை அந்தக் கட்டத்திலேயே பேசி முடித்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருக்கட்டும். நூல் விற்றுத் தீர்ந்து, ஆசிரியர் எழுத்து மூலம் கேட்ட ஆறு மாதத்துக்குள் மறுபதிப்பு வரவில்லை என்றால், உரிமை முழுவதும் ஆசிரியரிடமே திரும்ப வேண்டும். ஒப்பந்த நகல் கைக்கு வரும்போது இந்த விதி அதில் இல்லாவிட்டால், சேர்த்துத் தரச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள்.