கப்பல் விளம்பரத்தில் இருப்பது உங்கள் விலை அல்ல

அறுபதாம் கல்யாணம் என்றால் திருக்கடையூர் என்பது வழக்கம். இப்போது அதோடு கப்பல் பயணமும் சேர்ந்துகொண்டது. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவைச் சிங்கப்பூருக்கு அனுப்பி, அங்கிருந்து சொகுசுக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். கிருஷ்ணகிரியில் வரிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் அந்தக் கப்பல் விலைப்பட்டியல்கள் என் மேசைக்கு வருகின்றன. "டிசிஎஸ் எவ்வளவு பிடிப்பார்கள், திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாவை விற்கும் முகவர் நம்மிடம் பிடித்து அரசுக்குச் செலுத்தும் வரிதான் டிசிஎஸ். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், பட்டியலின் உச்சியில் தடித்த எழுத்தில் இருக்கும் தொகையைத்தான் நான் பார்ப்பேன். அந்தத் தொகையோடு யாருடைய பயணமும் முடிவதில்லை.

பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாழ்நாளில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் ஓய்வு எடுக்காத தலைமுறை அது. மாந்தோப்பு, கடை, பள்ளிக்கூடம் என்று ஓடியவர்கள். அவர்கள் கடலைப் பார்க்கட்டும், ராஜ மரியாதையோடு பார்க்கட்டும். ஆனால் பிள்ளைகள் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டும் பணம் அந்த இருவருக்கும் உண்மையில் சுகம் தரும் விஷயத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அப்படிப் போவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் விலை. கப்பல் கட்டணம் ஓர் அறைக்கு இவ்வளவு என்று சொல்லப்படுவதில்லை. ஓர் அறையில் இருவர் தங்கினால் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். அதன்மேல் துறைமுக வரியும் கட்டணங்களும் ஏறும். அதற்கும் மேலே டிப்ஸ். நம் ஊர் ஓட்டலில் மேசையில் வைத்துவிட்டு வரும் பணம் மாதிரி அல்ல இது. பெரிய கப்பல் நிறுவனங்களில் ஆளுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் தானாகவே ஏறிவிடும். 18 டாலர் என்று வைத்துக்கொண்டால் இருவருக்கு ஏழு இரவுக்கு 252 டாலர். பிறகு இணைய வசதி, சிறப்பு உணவகங்கள், கரையிறங்கிச் சுற்றிப் பார்ப்பதற்கான கட்டணம் எல்லாம் தனித்தனி.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1 அன்று ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டாயக் கட்டணங்களை மறைத்து விலையைக் குறைத்துக் காட்டக் கூடாது என்றது அது. உடனே பெரிய கப்பல் நிறுவனங்கள் அங்கே துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே விலை காட்டத் தொடங்கின. முடியாத காரியம் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. முழு விலையை முதலில் சொல்லாமல் கடைசிப் பக்கம் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவதை, வாடிக்கையாளரை ஏமாற்றும் உத்திகளில் ஒன்றாக அது பட்டியலிட்டிருக்கிறது. எனவே, "எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் மொத்தம் எவ்வளவு?" என்று முகவரிடம் எழுத்தில் கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை.

"இரண்டாவது ஆளுக்கு 60 விழுக்காடு தள்ளுபடி" என்ற அறிவிப்பையும் நிதானமாகப் படியுங்கள். முதல் ஆள் முழுக் கட்டணம் கட்டுகிறார். அப்படியென்றால் அறையின் மொத்தக் கட்டணத்தில் குறைவது 30 விழுக்காடுதான். வரிக்கும் டிப்ஸுக்கும் அந்தத் தள்ளுபடி கிடையாது. எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்பதும் அவர்கள் வைத்ததே. ஆண்டுத் தொடக்கத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை, இந்த மாதிரிச் சலுகைகள் வரிசைகட்டி வரும். அந்த மூன்று மாதம் கப்பல் நிறுவனங்களின் விற்பனைப் பருவம்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது தனியாகப் போகும் அம்மாக்களின் நிலை. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவை மட்டும் அனுப்ப நினைக்கும் பிள்ளைகளிடம், பல கப்பல்களில் ஏறத்தாழ இருவருக்கான கட்டணத்தைக் கேட்பார்கள். அறையை இருவருக்கு விற்பதுதான் அவர்கள் கணக்கு. நார்வீஜியன் நிறுவனம் 2010 முதல் ஒருவருக்கான சிறிய அறைகளை விற்கிறது, மற்ற சிலவும் அதைப் பின்பற்றின. ஆனால் அத்தகைய அறைகள் எண்ணிக்கையில் குறைவு. நான் சொல்வது இதுதான்: சித்தியையோ பெரியம்மாவையோ கூட அனுப்புங்கள். வரியும் டிப்ஸும் விமான டிக்கெட்டும்தான் கூடும். அம்மாவுக்குப் பேச்சுத் துணையும் ஆயிற்று.

இனி, சொகுசு என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பொருத்தமான கப்பல்கள். ரீஜென்ட், சில்வர்சீ, சீபோர்ன் போன்றவற்றின் விலையைப் பார்த்தால் கண்ணைக் கட்டும். ஆனால் அவற்றில் மதுவும் டிப்ஸும் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். ரீஜென்டில் கரைச் சுற்றுலாக்களும் சேர்ந்துவிடும். சில்வர்சீயில் எல்லா அறைக்கும் பணியாள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சாதாரணக் கப்பலின் பால்கனி அறைக்கும் இவற்றுக்கும் உள்ள தூரம் விளம்பரத்தில் தெரிவதைவிடக் குறைவு என்று பலர் எழுதுகிறார்கள். குடிப்பவர்களுக்கு அது சரி. நம் வீட்டுப் பெரியவர்களோ மதுவைத் தொடாதவர்கள், பலர் சைவம். பக்கத்து மேசையில் திறக்கும் ஷாம்பெய்னுக்கும் சேர்த்து அவர்கள் பணம் கட்டுகிறார்கள். இலவசம் என்று சொல்லப்படும் எதையும் உங்கள் வீட்டார் பயன்படுத்துவார்களா என்று பார்த்துவிட்டு மதிப்புப் போடுங்கள். பயன்படுத்தாவிட்டால் அதன் மதிப்பு பூஜ்யம். வைகிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் சூதாட்டக் கூடமே கிடையாது, எல்லா அறைக்கும் பால்கனி உண்டு. அமைதி விரும்பும் தம்பதிக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் 18 வயது நிரம்பாதவர்களை ஏற்றமாட்டார்கள், அதனால் பேரப்பிள்ளைகளோடு போக முடியாது.

சூதாட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டீலியா கப்பல் பயணத்தை முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். புதுச்சேரியில் அப்போது அதற்கு அனுமதி கிடைக்கவில்லை, கப்பலில் இருந்த சூதாட்டக் கூடமும் அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டு அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனது. முதன்முறை போகிறவர்களுக்கு, இப்படி இந்தியத் துறைமுகத்தில் ஏறி இறங்கும் குறுகிய பயணம் நல்ல ஒத்திகை. நம் சாப்பாடு கிடைக்கும். கடல் ஒத்துக்கொள்கிறதா என்பதும் குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

இப்போது அப்கிரேடு. எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதைப் பற்றித்தான்.

பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு மின்னஞ்சல் வரும்: "உங்கள் அறையை மேம்படுத்திக்கொள்ள வாய்ப்பு." ராயல் கரீபியன், செலிபிரிட்டி, நார்வீஜியன் என்று பல நிறுவனங்கள் இதை ஏலமாகவே நடத்துகின்றன. ஜன்னல் இல்லாத உள் அறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் எனப்படும் பெரிய சொகுசு அறை என்று வரிசை இருக்கும். இன்னும் எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று கேட்பார்கள். நீங்கள் தொகையை நகர்த்த நகர்த்த, நீங்கள் கேட்ட ஏலத் தொகை வலுவானதா பலவீனமானதா என்று ஒரு அளவுகோல் காட்டும். "பலவீனம்" என்று சிவப்பில் தெரிந்தால் அம்மா அப்பாவுக்கு நாம் குறை வைத்துவிட்டோமோ என்று பிள்ளைகளுக்கு மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்தில் தொகையை ஏற்றாதீர்கள். அந்த அளவுகோலை வைத்திருப்பவர் விற்பவர்.

ஏன் இப்படி விற்கிறார்கள் என்பது கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பறித்த தோத்தாபுரி மாங்காய் காத்திருக்காது. கூழ் ஆலை வாசலில் லாரி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் விலையைத் தின்னும். கப்பல் புறப்பட்ட பின் காலியாக இருக்கும் பால்கனி அறையும் அப்படித்தான், அதற்குப் பிறகு அதை யாருக்கும் விற்க முடியாது. வெளிப்படையாக விலையைக் குறைத்தால் முன்பே முழுப் பணம் கட்டியவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் உள் அறைக்காரரிடம் கூடுதல் பணம் வாங்கி அவரை மேலே ஏற்றுகிறார்கள். அவர் காலி செய்த உள் அறையைக் கடைசி நேரத்தில் மலிவு தேடி வருபவருக்கு விற்கிறார்கள். ஓர் அப்கிரேடில் இரண்டு விற்பனை. இதில் தவறு ஒன்றும் இல்லை, வியாபாரம்தான். ஆனால் இதைப் பரிசு என்று நினைத்துக் கையெழுத்துப் போடக் கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். நீங்கள் பதிவு செய்த அன்று உள் அறை ஆளுக்கு 900 டாலர், பால்கனி 1,250. உள் அறை எடுத்தீர்கள். பின்னர் ஏலத்தில் 300 கேட்டுக் கிடைத்துவிட்டது. 300 என்பது பெரும்பாலும் ஆளுக்கு, அறைக்கு 600. ஆளுக்கு மொத்தம் 1,200 ஆகிவிட்டது. முதல் நாளே பால்கனி எடுத்தவரைவிட உங்களுக்கு மிச்சம் ஆளுக்கு 50 டாலர். அவர் அறை எந்தத் தளத்தில், எந்தப் பக்கம் என்று பார்த்து எடுத்திருப்பார். உங்களுக்கு எந்த அறை என்பதைக் கப்பல்காரர் முடிவு செய்வார். ஏற்றுக்கொண்டதும் உங்கள் அட்டையிலிருந்து பணம் போய்விடும், மறுபடி உங்களைக் கேட்கமாட்டார்கள், திருப்பித் தரவும் மாட்டார்கள். டாலரில் போவதால் வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேரும். சூட் கிடைத்தால் சில நிறுவனங்களில் தினசரி டிப்ஸும் கூடுதல். உறுப்பினர் புள்ளிகளோ முதலில் வாங்கிய அறைக்கு உரியவை மட்டுமே என்று விதி வைத்திருப்பவர்களும் உண்டு.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. அன்றைய தேதியில் அதே பால்கனி அறையின் விலை என்ன என்று ஏலம் கேட்பதற்கு முன் பாருங்கள். இறுதித் தவணைக்கான கெடு, பல நிறுவனங்களில் பயணத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்பு, தாண்டாமல் இருந்தால் வித்தியாசத்தைக் கட்டி நேரடியாகவே மாற்றிக்கொள்ள முடியும். சில நேரம் அந்த வித்தியாசம் ஏலத்தின் குறைந்தபட்சத் தொகைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அப்படியானால் எந்த அறை என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ஏலத்துக்குத் தேவையே இல்லை.

அடுத்து, மேலே இருக்கும் அறை நல்ல அறை என்ற எண்ணம். கப்பலில் ஆட்டம் குறைவாகத் தெரியும் இடம் நடுப்பகுதி, அதுவும் கீழ்த் தளங்கள். முன் முனையிலும் உச்சித் தளத்திலும் அசைவு அதிகம். ஏற்காடு வளைவுகளிலேயே தலைசுற்றும் அப்பாவுக்கு எட்டாம் தளத்து முன்பக்கப் பால்கனி பரிசு ஆகாது. நீச்சல் குளத்துக்கும் உணவுக் கூடத்துக்கும் நேர் கீழே உள்ள அறைகளில் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். சில பால்கனிகளுக்கு முன்னால் உயிர்காக்கும் படகுகள் தொங்கிக் கடலை மறைக்கும். அப்கிரேடு வாங்கியவருக்கு இதில் எது வாய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இரண்டு அறைகளை அருகருகே எடுத்திருந்தார்கள். ஒன்றில் தாத்தா பாட்டி, இன்னொன்றில் மகன் குடும்பம். பெரியவர்கள் அறைக்கு மட்டும் மகன் ஏலம் கேட்டார். கிடைத்தது, மூன்று தளம் தள்ளி. பாட்டிக்கு மூட்டு வலி. பேத்தி இரவில் கதை கேட்க ஓடி வருவதும் நின்றுபோனது. "பழைய அறையே போதும்டா" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். கண்ணாடிக் கதவும் சாய்வு நாற்காலியும் அவர்களுக்கு எதற்கு? பேத்தி பக்கத்தில் இருப்பதுதான் அவர்களுக்குச் சொகுசு.

ஆகவே என் கருத்து இது: அப்கிரேடு கிடைக்காவிட்டாலும் மகிழ்ச்சியாகத் தங்கக்கூடிய அறையை முதலிலேயே எடுங்கள். நடுவில், கீழ்த் தளத்தில், லிஃப்டுக்கு அருகில், கடல் தெரியும் ஜன்னலோடு ஓர் அறை பெரும்பாலான பெரியவர்களுக்கு நிறைவாக இருக்கும். உள் அறையை எடுத்துவிட்டு ஏலத்தை நம்புவது, குறிப்பாகப் பெற்றோரின் பயணத்தில், எனக்குச் சம்மதம் இல்லை. ஏலம் கேட்டே ஆக வேண்டும் என்றால், பதிவு செய்த நாளில் இருந்த விலை வித்தியாசத்தில் பாதிக்குமேல் போகாதீர்கள். ஏற்கப்படும் வரை பெரும்பாலும் தொகையை மாற்றலாம், திரும்பப் பெறலாம்.

நம் ஊரிலிருந்து போகும் செலவையும் பட்டியலில் எழுதுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் விமான நிலையம் போக ஓசூர், அத்திப்பள்ளி என்று நகரத்தை முழுக்கக் கடந்து தேவனஹள்ளி போக வேண்டும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, ஆகவே முதல் நாளே துறைமுக ஊருக்குப் போய்ச் சேர்வதுதான் பாதுகாப்பு. அங்கே ஓர் இரவு ஓட்டல். கப்பல் ஒரு நாட்டை விட்டுப் போய்த் திரும்ப அங்கேயே வரும் என்றால் பலமுறை நுழையும் விசா வேண்டும். கப்பல் மருத்துவமனையில் சிகிச்சைக்குத் தனிக் கட்டணம் என்பதால் பயணக் காப்பீட்டை விடவே கூடாது. அப்கிரேடுக்கு ஒதுக்கிய பணம் இருந்தால் முதலில் இதற்குப் போகட்டும்.

கடைசியாக டிசிஎஸ், எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வி. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை இந்திய முகவரிடம் வாங்கினால் அவர் வரி பிடித்துச் செலுத்துவார். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறியிருப்பதால் பணம் கட்டும் நாளில் உள்ளதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது கூடுதல் செலவு அல்ல, உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். ஆனால் எந்தப் பான் எண்ணில் பிடிக்கப்பட்டதோ அந்த எண்ணுக்குத்தான் வரவு. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாத அப்பாவின் பான் எண்ணைக் கொடுத்தால், அந்தப் பணத்தைத் திரும்பப் பெற அவர் பெயரில் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். பணம் கட்டுவது மகனோ மகளோ என்றால், பதிவு செய்யும்போதே அவர்களுடைய பான் எண்ணைக் கொடுத்து, ரசீதும் அவர்கள் பெயரில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.